மூட்டைக்குள் ஒரு பிடி மண்

கப்பலுக்குச் சரக்கு வாங்கும் வேலைக்குக் கடலும் தெரிய வேண்டாம், கப்பலும் தெரிய வேண்டாம். எவனையும் நம்பாமல் இருக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அது பிறவியிலேயே தெரியும். அதனால்தான் என்னை எடுத்தார்கள்.

பத்துப் பேரிடம் வாங்கி ஒருவரிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் அரிசி வாங்கியிருக்கலாம், செங்கல் வாங்கியிருக்கலாம். நான் வாங்கியது குங்கிலியம். சாமிக்குப் புகை போட இல்லை. கடலூரில் பாய்மரத் தோணி கட்டும் பட்டறை ஒன்றுக்கு. தோணியின் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை அடித்து இறக்கி, அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுவார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். கலப்பத்து நின்றால் தோணி நிற்கும். குங்கிலியத்தில் கல்லோ மண்ணோ இருந்தால் அந்த இடம் நடுக்கடலில் வாய் திறக்கும்.

எங்கள் பட்டறைத் தோணி ஒன்று அப்படித்தான் பாதி தண்ணீரோடு திரும்பி வந்தது. ஆள் சேதம் இல்லை. முதலாளிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் மரத்திலிருந்து எடுக்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அவனை ஏமாற்றவும் கூடாது, அவனிடம் ஏமாறவும் கூடாது என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நடந்தவன் நான்.

தரகரின் கல்

அதுவரை எங்களுக்குச் சரக்கு அனுப்பியவர் முள்ளுக்குறிச்சியில் ஒரு தரகர். கொல்லிமலையிலிருந்து இறங்குகிற எதுவானாலும் அவர் வாசலைத் தொடாமல் போகாது. போன உடனே ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். காப்பி சாப்பிடலாம் என்றார். மூட்டையைப் பிரி என்றேன். வெயில் தாழட்டும் என்றார். நானே பிரித்தேன்.

மேலே கண்ணாடி மாதிரி கட்டிகள். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டினேன். ஓடு உடைந்தது. உள்ளே கூழாங்கல். உருக்கிய குங்கிலியத்தில் கல்லை முக்கி எடுத்து ஆறவைத்திருக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டுக்கே தனியாகக் கூலி கொடுக்கலாம். இதை வைத்து அடைத்த தோணியில் பன்னிரண்டு பேர் கடலுக்குப் போனார்கள் என்று சொன்னேன். தரகர் கல்லை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"கல்லும் அந்த மலையில வெளஞ்சதுதானுங்க. நான் வெளியிலிருந்து ஒண்ணும் கொண்டாந்து போடலீங்களே."

இருபதும் ஒன்பதும்

இப்போது மலைமேலேயே, சோளக்காட்டில், பஸ் நிற்கிறதாம். அன்று முள்ளுக்குறிச்சியை விட்டால் செங்குத்தாக நடை. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச மூச்சில்லை. அதனால் முதல் நாள் எல்லோரும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊர். முப்பது வீடு இருக்கும். சாமை விளையும், கேழ்வரகு விளையும்; தின்ன அது போதும். உப்புக்கும் துணிக்கும் குங்கிலியம்தான் வழி. ஊர்க்கவுண்டர் பெரியண்ணன், வயதானவர், மெதுவாகப் பேசுவார். குங்கிலியம் எடுப்பதில் கெட்டிக்காரி வீராயி என்று ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். கையில் எப்போதும் சின்னக் கோடாலி. மெதுவாகப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. நான் கப்பலில் கால் வைத்ததே கிடையாது. ஆனாலும் அன்றே எனக்குக் கப்பக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இருபது மூட்டை வேண்டும் என்றேன். வீராயி ஒன்பது என்றாள். சுற்றிலும் மரம் நிற்கிறதே என்றேன். காட்டினாள். இது போன வருஷம் பிசின் வடியக் கொத்தியது, இன்னும் இரண்டு வருஷம் தொடக் கூடாது. அது இந்த வருஷம். அதற்கப்புறம் நிற்பது பிஞ்சு மரம். அடியில் தீ வைத்தால் ஒரே மாதத்தில் வழிந்து கொட்டுமாமே, வேறு மலைகளில் அப்படித்தான் எடுக்கிறார்களாமே என்று தெரிந்தவன் போலக் கேட்டேன். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க கப்பக்காரரே, பாலு பத்தலைன்னு நீங்க மாட்டுக்கு அடியில தீ வெப்பீங்களா?"

ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.

என் உப்பு

சரக்குக்கு ஈடாக உப்பும் துணியும் கொண்டுவருவதாகப் பேச்சு. அவர்கள் விருப்பம் அது. அடுத்த தடவை உப்பு மூட்டைகளோடு ஏறினேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாக்கு நனைந்தது. நனைந்த உப்பு எடை கூடும். அது என் குற்றமில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை.

வீராயியின் குங்கிலியத்தை நான் சோதித்தேன். ஒவ்வொரு கட்டியாக எடுத்து, தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுனியில் கடித்துப் பார்த்தேன். அரை நாள் ஆயிற்று. ஒரு துரும்பு இல்லை. பட்டைத் தூள்கூட இல்லை. முடித்து நிமிர்ந்தால், அவள் என் உப்பு மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு பிடி எடுத்தாள். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நாக்கில் வைத்தாள். கையைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. உப்பைக் காயவைத்து மறுபடி நிறுக்கிறேன் என்றேன். இரண்டு நாள் பாறைமேல் உப்பைக் காயவைத்துக் காக்கா ஓட்டினேன். இதை முதலாளிக்கு எழுதும்போது காக்காவை விட்டுவிட்டேன். மறுபடி நிறுத்துக் கொடுத்த பிறகு வீராயி தன் குங்கிலிய மூட்டையை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எங்களப் பாக்கறாப்பல நாங்க உங்களப் பாத்தமுங்க. கோவிச்சுக்காதீங்க, இப்பத்தான் சரியாச்சு."

பன்றித் தொட்டியில் பன்னிரண்டு பேர்

சரக்கு சுத்தமாக இருந்தது. ஆனாலும் ஏன் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு புத்தி. நல்ல சரக்கு கொடுக்கிறவனைச் சும்மா விடக் கூடாதா? விடவில்லை. ஊரைக் கூட்டச் சொன்னேன்.

அவர்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. சொன்னால் விளங்காது. வெடித்துப்போன இரண்டு மரத்தொட்டி கேட்டேன். பன்றிக்குத் தீனி வைக்கிற தொட்டி கிடைத்தது. ஒன்றின் வெடிப்பை வீராயியின் குங்கிலியத்தைக் காய்ச்சி அடைத்தேன். மற்றதில், கையோடு கொண்டுவந்திருந்த முள்ளுக்குறிச்சித் தரகரின் சரக்கை, உடைத்த கல்லோடும் தூளோடும் ஊற்றினேன். இரண்டிலும் பன்னிரண்டு கூழாங்கல் வைத்தேன். இது தோணி, இதெல்லாம் ஆட்கள் என்றேன். ஓடை மடுவில் இரண்டையும் விட்டேன்.

வீராயியின் தொட்டி மிதந்தது. தரகரின் தொட்டி கொஞ்ச நேரம் மிதந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, போயிற்று. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மடுவில் இறங்கி, முங்கி முங்கி, பன்னிரண்டு கல்லையும் எடுத்துக்கொண்டு வந்து கரையில் வரிசையாக வைத்தான். ஊர்க்கவுண்டர் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏஞ்சாமி, அந்தப் பன்னெண்டு பேருக்கும் ஊடு வாசல், புள்ளகுட்டி உண்டுங்களா?"

உண்டு, உண்டு, மூட்டையைத் தைக்கச் சொல்லுங்கள் என்று அவசரப்பட்டேன். எனக்குப் பொழுதோடு மலை இறங்க வேண்டும்.

உசேன் மேஸ்திரி

ஒன்பது மூட்டையும் தலைச்சுமையாக இறங்கி, வண்டியில் சேலம் போய், ரயிலில் கடலூர் வந்தது. பட்டறையில் கலப்பத்து வேலை உசேன் மேஸ்திரியின் கையில். எழுபதைத் தாண்டியவர். நாங்கள் யாரானாலும் அவருக்குத் தம்பிதான், முதலாளி உள்பட. குங்கிலியத்தை முகர்ந்தே மலையைச் சொல்லுவார்.

நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். முதல் மூட்டையைக் கவிழ்த்தார். கட்டிகளோடு செம்மண் கொட்டியது. இரண்டாவதைக் கவிழ்த்தார். செம்மண். ஒன்பதும் அப்படித்தான். நான் அரை நாள் கடித்துப் பார்த்த ஒவ்வொரு கட்டியின் மேலும் சிவப்பாக மண் அப்பியிருந்தது. நடுவில் கிழிந்த மந்தாரை இலைகளும் நாரும் கிடந்தன. பன்னிரண்டு இலை. மூன்று மூட்டையில் இரண்டிரண்டு இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. கோபம் வந்தால் எனக்கு எண்ணத் தெரியும், யோசிக்கத் தெரியாது.

முதலாளி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. இனி அந்த மலையே வேண்டாம், மலையாளத்துப் பக்கம் வாங்கிக்கொள்ளலாம், அவர்களிடம் போய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா என்றார். உசேன் மேஸ்திரி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"எங்க ஊர்ல கபர் குழிக்குத்தான் மண்ணு போடுவோம், தம்பி. தோணிக்குப் போடறதில்ல."

நான் போட்ட சத்தம்

மறுபடி ஏறினேன். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை. கோபம் தூக்கிக்கொண்டு போயிற்று. ஊருக்குள் நுழைந்தவுடனே ஆரம்பித்தேன். தரகரும் நீங்களும் ஒன்று என்றேன். அவனாவது கல்லைப் போட்டான், நீங்கள் மண்ணைப் போட்டீர்கள் என்றேன். மரத்துக்குப் பால் கணக்குச் சொன்னவள் எங்கே என்று கேட்டேன். இனி உங்கள் சரக்கு வேண்டாம், உப்புக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஏறி வந்தவன் சாப்பிடுகிற வரைக்கும் அவனோடு வழக்குப் பேச மாட்டார்கள். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே இலையைப் போட்டு, சாமைச் சோறும் அவரைக் கொட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே கத்தினேன். அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பேசாமல் இருப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் என்று வைத்துக்கொண்டு இன்னும் கத்தினேன். கடைசியில் தொண்டை போயிற்று. நான் சாப்பிட மாட்டேன் என்பது தெரிந்த பிறகு, ஊர்க்கவுண்டர் வழக்கத்தை மீறினார். குரல் உயரவில்லை.

அந்த ஊர் ஆள் யாராவது மலையை விட்டு இறங்கினால், கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து, இலையில் வைத்து நாரால் கட்டி, கையில் கொடுத்து அனுப்புவார்களாம். ராசிபுரம் சந்தைக்கானாலும் சரி, கோர்ட்டுக்கானாலும் சரி. அந்த மண் திரும்பிவர வேண்டும்; அதோடு ஆளும் வந்துவிடுவான். பன்னிரண்டு பொட்டலத்தையும் மூட்டைக்கு நடுவில் பத்திரமாக வைத்தது வீராயிதான். வண்டியும் ரயிலும் குலுக்கின குலுக்கலில் இலை கிழிந்திருக்கிறது.

"எங்காளு கீழ சந்தைக்கு எறங்குனாலே ஒரு பிடி மண்ணு முடிஞ்சு குடுப்பமுங்க. அந்தப் பன்னெண்டு பேரு மண்ணே இல்லாத எடத்துக்குப் போறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

நான் உட்கார்ந்தேன். ஆறின சோற்றைச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். வீராயி போட்டாள். குழம்பு ஊற்றவில்லை.

கிணற்றடியில் மூன்று நாள்

மண் ஏன் வந்தது என்று நான் போய்ச் சொன்னால் முதலாளி நம்புவாரா? எவனையும் நம்பாத ஆள் என்றுதானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார். அதைச் சொன்னேன். அப்படியானால் நாங்களே வந்து சொல்லுகிறோம் என்றாள் வீராயி. ஊர்க்கவுண்டரும் அவளும் இன்னும் மூன்று பேரும் கிளம்பினார்கள். ஆளுக்கொரு பொட்டலம் மடியில். ரயிலில் ஐந்து பேரும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

பட்டறையில் ஊர்க்கவுண்டர் முதலாளியிடம் அதே மெதுவான குரலில் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டார். மண் எதற்கு வந்தாலும் மண்தானே, தோணிக்கு ஆகாதே என்றார். அதுவும் நியாயம். இதற்குள் வீராயி ஒரு கட்டியை எடுத்துப் போய்க் கிணற்றடி வாளியில் அலசிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. குங்கிலியம் தண்ணீரில் கரையாது. எனக்கும் தெரியும், ஐம்பது வருஷம் கலப்பத்துப் போட்ட உசேன் மேஸ்திரிக்கும் தெரியும். கோபத்தில் இருவருக்கும் தோன்றவில்லை. முதலாளி எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

மூன்று நாள் அலசினார்கள். பாயில் பரப்பிக் காயவைத்தார்கள். மேஸ்திரி ஒரு சட்டி காய்ச்சி, பழைய பலகை இடுக்கில் ஊற்றி, ஆறவிட்டு, உளியால் நோண்டினார். பெயரவில்லை. சரி என்று தலையை ஆட்டினார். வேலை முடிந்த பிறகுதான் ஐந்து பேரும் கடற்கரைக்குப் போனார்கள். நானும் போனேன். அக்கரை எங்கே என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். இங்கிருந்து தெரியாது என்றேன். மடிப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீராயி என் பக்கம் திரும்பினாள்.

"இத்தன தண்ணிய ஊட்டு வாசல்ல வெச்சுக்கிட்டு, ஒரு பிடி மண்ண அலசத் தெரியாமத்தான் மல ஏறி வந்து கத்தினீங்களா?"

பதினொன்று

முதலாளி மலையாளத்துப் பக்கம் போகவில்லை. குண்டூர் நாட்டுச் சரக்கே வரட்டும், வருஷத்துக்கு ஒன்பது மூட்டை போதும், மரத்தைப் படுத்த வேண்டாம் என்றார். மண் மட்டும் மூட்டைக்குள் வேண்டாம், தனியாக வரட்டும் என்றார். மண்ணே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் குங்கிலியத்தால் அடைத்த தோணி யாழ்ப்பாணம் போய் உலர்ந்த வயிற்றோடு திரும்பி வந்தது. அதற்குக் காரணம் நல்ல குங்கிலியம். அந்த மண்ணின் மகிமை என்கிறவர்களோடு எனக்குப் பேச நேரமில்லை.

அடுத்த வருஷம் ஒன்பது மூட்டையை ரயிலில் போட்டுவிட்டு, பொட்டலங்களை ஒரு கூடையில் என் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். மேஸ்திரி மூட்டையைத் தொடவில்லை. முதலில் கூடையை வாங்கினார். அந்த மண்ணைத் தோணிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கொன்று. பாய்மரத்தடியில் கட்டுவதாம், திரும்பியதும் மலைக்கே அனுப்புவதாம். கபருக்கு மட்டும்தான் மண் போடுகிற மனிதர், ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். என்னைப் பார்த்தார்.

"ஆளு பன்னெண்டு, பொட்டலம் பதினொண்ணு. மலையிலே கொறச்சுக் கட்டுற ஆளுங்க இல்லையே, தம்பி?"

நான் சட்டைப் பையை மூடிக்கொண்டேன்; மலை இறங்கும்போது எனக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றியிருந்தது, கேட்கத்தான் வாய் வரவில்லை.

இருபது வருஷத்தில் அந்த ஊர்ச் சரக்கில் நடந்த திருட்டு அது ஒன்றுதான். செய்தவன், திருட்டைப் பிடிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன்.